பாறை என்று எழுதப்பட்ட திமிங்கிலம்

ஆகஸ்ட் 18

நுரைக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பாய். பதினோரு தடவை ஃபோன் அடித்தேன். அது அடித்து ஓயும்வரை நீ அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டாவது தடவை அடிக்க என் ரோஷம் விடவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கிழிப்பதென்றால் தாராளமாகக் கிழி, ஆனால் படித்துவிட்டுக் கிழி.

விஷயம் இதுதான். செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை திமிங்கிலம் பார்க்கப் போகிறோம். அதே கடலோர மேடு, அதே இடம். நம் பிரேக் அன்றைக்குத் தன் டிரைவிங் ஸ்கூலுக்கு லீவு விட்டுவிட்டாள். அவள் புருஷன் கொட்டாவி, பேக்கரியைத் தன் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறான். நீயும் வந்தால் பழையபடி நான்கு பேர். சனிக்கிழமை காலை பஸ் ஏறினால் சாயங்காலம் இங்கே இருப்பாய். என் வீட்டு மாடி அறையைப் பெருக்கி வைத்துவிட்டேன். உனக்காக இல்லை, தூசியாக இருந்தது.

போன வருஷம் நடந்ததை நான் மறந்துவிட்டேன், நீயும் மறந்துவிடு. நோட்டில் ஒரு வரியை அடித்ததற்காக ஒரு மனுஷி வருஷம் முழுக்கப் பேசாமல் இருப்பாளா? விதி விதிதான். ஒருத்தர் பார்த்தால் போதாது. இரண்டாவது ஆளும் பார்த்து, இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் அது திமிங்கிலம். இல்லாவிட்டால் பாறை, படகு, மிதவை, மனப்பிரமை. என் மருந்துக்கடையில் ஒருத்தி அலமாரியிலிருந்து எடுத்ததை இன்னொருத்தி பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அது கவுண்டரைத் தாண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவருக்கும் மருந்து மாறியதில்லை. அந்த விதியைத்தான் கடலுக்கும் போட்டேன். நீங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டீர்கள். ஒன்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

அங்கே குளிர் அதிகம் என்று பிரேக் சொன்னாள். உனக்குச் சளி பிடித்தால் சீக்கிரம் விடாது. பார்த்துக்கொள்.

மாத்திரை

---

ஆகஸ்ட் 27

மாத்திரைக்கு,

கிழிக்கவில்லை. ஆனால் படித்ததும் கசக்கி டாக்டர் கோட்டுகள் வரும் கூடையில் போட்டுவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் தேடி எடுத்தேன். அதற்குள் அரை மணி நேரம் வீணாகிவிட்டது.

எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் கீழே பன்னிரண்டு பேர். காலையில் ஆறு தளங்களிலிருந்தும் துணி வந்து இறங்கும். படுக்கை விரிப்பு மட்டும் நானூறுக்குக் குறையாது. இஸ்திரி உருளை ஒரு ஆள் நீளம். இந்தப் பக்கம் ஒருத்தி ஈர விரிப்பை விட்டால் அந்தப் பக்கம் இன்னொருத்தி வாங்கி மடிக்க வேண்டும். போன வாரம் ஒரு போர்வைக்குள் ஒரு முழுப் பல்செட். வார்டு வார்டாக ஏறி இறங்கி, "ஐயா, இது உங்களுதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். ஏழாவது ஆள் வாயைப் பொத்திக்கொண்டு கையை நீட்டினார். பழைய ஓட்டல் வேலையில் இந்தச் சுவாரஸ்யமெல்லாம் ஏது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் வரவில்லை.

நீ மறந்துவிட்டாயாம்! அடித்தவளுக்கு மறக்கும். ஒன்பது வருஷம் அந்த மேட்டில் உட்கார்ந்திருக்கிறேன், மாத்திரை. நீ பதினான்கு பார்த்தாய். பிரேக் பத்து. கொட்டாவி தூங்கி எழுந்த நேரத்தில் மட்டுமே ஆறு பார்த்துவிட்டான். நான் ஒன்றுகூட முதலில் பார்த்ததில்லை. நீங்கள் "அதோ!" என்றால் நான் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் அது முங்கிவிடும். நானும் "ஆமாம், தெரியுது தெரியுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாதிக்கு மேல் எனக்குத் தெரியவே இல்லை. உன் புண்ணியமான விதியின் லட்சணம் அது.

போன வருஷம் பதினொன்று இருபதுக்கு நான் பார்த்தேன். முதன்முதலாக நான். கன்னங்கரேல் என்று ஒன்று எழும்பி விழுந்தது. விழுந்த இடத்தில் தண்ணீர் இஸ்திரி போட்டது போல வழவழப்பாகக் கிடந்தது. நான் கத்தினேன். கையை நீட்டியபடி நின்றேன், அதுதானே நம் வழக்கம், இரண்டாவது ஆள் பார்க்கும்வரை கையை இறக்கக் கூடாதே. கொட்டாவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பிரேக் காரில் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். பைனாகுலர் உன் கண்ணில் இருந்தது. நான் காட்டிய பக்கம்தான் நீயும் பார்த்துக்கொண்டிருந்தாய். அதை இறக்கிவிட்டு, "பாறை" என்றாய். அவர்கள் வந்ததும் அவர்கள் முன்னாலேயே, "இவளுக்கு ஆசை, அதான் பாறை எல்லாம் குதிக்குது" என்றாய். நான் எழுதிய வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பாறை என்று எழுதினாய். என்னைப் பொய்க்காரி ஆக்கினாய்.

ஒரே ஒரு கேள்வி. நீ பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுதாதே.

நுரை

---

செப்டம்பர் 2

நுரை,

விதியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். தெரியாமலே கையெழுத்துப் போட்டேன் என்று கூசாமல் எழுதுகிறாய். இப்போது அந்த நோட்டு முழுக்கச் சந்தேகம். எந்தத் திமிங்கிலத்தை நம்புவது, எதை விடுவது?

நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். ஊரை விட்டுப் போகிற செய்தியை பிரேக்கிடம் ஒரு மாதத்துக்கு முன்னாலேயே சொன்னாயே, என்னிடம் எப்போது சொன்னாய்? போன வருஷம் மேட்டுக்குப் போன அன்றைக்குக் காலையில், காரில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வேலை மாறுறேன்டி, தூரம்தான்" என்றாய். ஏதோ செருப்பு மாற்றுவது போல! பிரேக் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொட்டாவி, "வீடு பாத்தாச்சா?" என்று கேட்டான். அப்போதுதான் புரிந்தது, எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். கொஞ்சம்கூடவா உறுத்தவில்லை?

நீ வராவிட்டால் போ. மூன்று பேரும் போவோம். கடல் யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை.

மாத்திரை

---

செப்டம்பர் 8

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

நுரை

---

செப்டம்பர் 15

நுரை,

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம். நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இன்று மத்தியானம் கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஒருவர் கதவைத் தட்டுகிறார். இருமல்தான், ஆறு மணிக்கு வரட்டும்.

முதலில் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும் என்று.

கொட்டாவி கார் ஓட்டினான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பிரேக் வழி முழுக்கத் தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். "இங்க என்னடி இருக்கு மிதிக்க?" என்றான் அவன். "உன் தலை இருக்கு, ரோட்டப் பாரு" என்றாள். மேட்டுக்குப் போய் டிக்கியைத் திறந்தால் உள்ளே நான்கு மடக்கு நாற்காலிகள். யார் நான்காவதை வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கொட்டாவி நான்கையும் விரித்துப் போட்டான். நான்காவதில் ரொட்டிப் பையை வைத்தோம்.

வெயில் இதமாக இருந்தது, காற்று அதிகம் இல்லை. ரொட்டி, அவித்த முட்டை, ஆரஞ்சு, பிளாஸ்கில் டீ. பத்து மணிக்கு ஒரு புதுக் கல்யாண ஜோடி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. அந்தப் பையன் பெரிய விஷயம் தெரிந்தவன்போல அவளுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தான். "அங்க பார், ஒண்ணு. அந்தச் சிவப்புக்குப் பக்கத்துல." அவன் காட்டியது மிதவை. அரை மணி நேரம் அந்த மிதவையையே திமிங்கிலம் என்று காட்டிக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணும் பாவம், "எவ்வளவு பொறுமையா மிதக்குது!" என்றாள். பிரேக் டீ புரையேறிக் காருக்குப் பின்னால் ஓடிவிட்டாள்.

அப்புறம் நான் மாட்டிக்கொண்டேன். சிரிக்காதே. வடக்குப் பக்கம் ஏதோ கறுப்பாக உருண்டது. எழுந்து நின்று, கையை நீட்டி, "அதோ!" என்று ஊர் கேட்கக் கத்தினேன். கொட்டாவி எழுந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். "மாத்திரை, அது டயர்" என்றான். டயரேதான், நுரை. லாரி டயர். பொய்யாகக் கூப்பிட்டவர்தானே எல்லா நாற்காலியையும் திரும்பச் சுமக்க வேண்டும்? ஒன்பது வருஷமாக உங்களைச் சுமக்க வைத்த மகராசி நான். பிரேக் கைதட்டினாள். அந்தக் கல்யாண ஜோடியும் விஷயம் புரியாமலே கைதட்டியது.

பன்னிரண்டரைக்குத்தான் நிஜமாக வந்தது. ஒன்றில்லை, இரண்டு. தாயும் குட்டியும். கரைக்கு இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. பைனாகுலர் தேவைப்படவில்லை. தாய் மூச்சு விட்டால் கொஞ்ச நேரம் கழித்துக் குட்டி, பெரிய புகை, சின்னப் புகை. குட்டி அவசரப்பட்டு முந்தப் பார்க்கும், தாய் குறுக்கே வந்து தடுக்கும். பிரேக், "அப்படித்தான், லேன் மாத்தாதே" என்று குட்டிக்குப் பாடம் எடுத்தாள். அந்தப் புது மாப்பிள்ளை மிதவையையும் பார்த்தான், இதையும் பார்த்தான், அப்புறம் வாயைத் திறக்கவே இல்லை. இருபது நிமிஷம் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சந்தோஷம். வயசை மறந்து குதித்தோம்.

நான் நோட்டைத் திறந்தேன். தேதி போட வேண்டும், பேனாவும் கையில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் உன் கையெழுத்து, அதன் மேல் என் கோடு. எனக்கு எழுத வரவில்லை. பிரேக், "என்னடி, பேனா தீந்துடுச்சா?" என்றாள். நான், "நுரை பாத்தது திமிங்கிலம்தான்" என்றேன். "எப்போ பாத்தது?" "போன வருஷம். நானும் பாத்தேன்."

அதுதான் பதில், நுரை. பார்த்தேன்.

கண்ணில் பைனாகுலர் இருந்தது. நீ கத்துவதற்கு முன்னாலேயே அது தண்ணீரைப் பிளந்துகொண்டு எழும்பியதைப் பார்த்துவிட்டேன். பாதி உடம்பு வெளியே வந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, முதுகு அடிபட விழுந்தது. இடது துடுப்பின் உள்பக்கம் முழுக்க வெள்ளை. வயிற்றில் மேலிருந்து கீழாக வரி வரியாக மடிப்பு. தாடையில் ஏதோ சிப்பி ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக இருந்தது. விழுந்து நான்கைந்து விநாடி கழித்துத்தான் சத்தம் வந்தது. வெறும் கண்ணுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. உன் திமிங்கிலத்தின் பாதி ஒரு வருஷமாக என்னிடம் கிடந்தது. எடுத்துக்கொள்.

காலையில் காரில் நீ சொன்னதிலிருந்து எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்கு வலித்தது உனக்கும் வலிக்கட்டும் என்று நினைத்தேன். அதற்குக் கைக்குக் கிடைத்தது அந்தத் திமிங்கிலம். நீ கையை நீட்டியபடி நின்றாய், என் முகத்தையே பார்த்தாய். உனக்கு அவ்வளவு சந்தோஷம். நான் பாறை என்றேன். அந்த நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனாலும் வறட்டுப் பிடிவாதம், நோட்டிலும் எழுதினேன். ஒரு மருந்தை மாற்றிக் கொடுத்தால் எனக்குத் தூக்கம் வராது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான்.

பிரேக், "அடிப்பாவி!" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டாவிதான், "ஒரு வருஷமா இதை எப்படித் தூக்கிட்டுத் திரிஞ்சே?" என்று கேட்டான். நாற்காலிகளைச் சுமந்துகொண்டு இறங்கினேன். யாரும் ஒரு கை கொடுக்கவில்லை, கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. தப்பு என்னுடையது. அவ்வளவுதான்.

மாத்திரை

---

அக்டோபர் 1

நுரை,

கடிதம் கிடைத்ததா? தபால்காரரிடம் மூன்று நாளாகக் கேட்கிறேன். "உங்களுக்கு வந்தா நான் என்ன பண்ணப் போறேன், கொடுக்கத்தானே போறேன்" என்று எரிந்து விழுகிறார்.

பிரேக் இப்போது பேசுகிறாள். திட்டுவதற்காக மட்டும்.

பதில் எழுத இஷ்டமில்லாவிட்டால் ஒரு வெற்றுக் காகிதத்தையாவது உறையில் போட்டு அனுப்பு. நீ திட்டி எழுதினால்கூட நன்றாக இருக்கும்.

மாத்திரை

---

அக்டோபர் 9

மாத்திரை,

கடிதம் பதினெட்டாம் தேதியே வந்துவிட்டது. உருளை ஓடிக்கொண்டிருந்தபோது நின்றபடியே படித்தேன். எதிர்ப்பக்கம் விரிப்பை வாங்குகிறவள், "அக்கா, என்னாச்சு, யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஒருத்தி திரும்பி வந்திருக்கா" என்று சொல்லிவிட்டுத் துணி அறைக்குப் போய் அழுதேன். அழுது முடித்ததும் பயங்கரக் கோபம். நீ எதிரே இருந்திருந்தால் ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். அதனால்தான் உடனே எழுதவில்லை. மூன்று வாரம் உன்னைக் காயப்போட்டதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான், மறைக்கவில்லை.

டயருக்கு மட்டும் அன்றைக்கே சிரித்துவிட்டேன். கூடத்தில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது.

ஒன்று தெரிந்துகொள். நீ பார்த்தாய் என்று எனக்கு அப்போதே தெரியும். பைனாகுலரை இறக்கியபோது உன் வாய் திறந்திருந்தது. பாறையைப் பார்த்து யாராவது வாயைப் பிளப்பார்களா? திமிங்கிலத்தைப் பற்றி எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. கண்ணால் கண்டதையே இல்லை என்கிற அளவுக்கு என்மேல் உனக்கு என்ன வெறுப்பு என்றுதான் புரியவில்லை. நான் என்னவெல்லாமோ நினைத்தேன். இத்தனை வருஷமும் பாவம் என்று சேர்த்துக்கொண்டாளோ என்றுகூட நினைத்தேன். இந்த ஊரில் முதல் ஆறு மாதம் ஒருத்தரோடும் நான் சிநேகம் வைத்துக்கொள்ளவில்லை. பயமாக இருந்தது.

வெள்ளைத் துடுப்பு என்று நீ எழுதிய இடத்தைப் பலமுறை படித்தேன். எனக்குக் கறுப்பாகத்தான் தெரிந்தது. இப்போது கண்ணை மூடினால் வெள்ளையோடு சேர்த்துத்தான் வருகிறது.

இனி நான் சொல்ல வேண்டியது. உன் கேள்விக்கு நானும் பதில் சொல்லவில்லையே.

ஓட்டலில் இருபது வருஷம் மேஜை விரிப்பு துவைத்தேன். மேலே போக வழியில்லை. இந்த வேலைக்கான கடிதம் வந்த அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேரே உன் கடைக்குத்தான் வந்தேன். நீ யாருக்கோ சொட்டு மருந்து எப்படி விடுவது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்து, "உக்காருடி, ரெண்டு நிமிஷம்" என்றாய். உட்கார்ந்தேன். அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. என்ன வேண்டும் என்று நீ கேட்டபோது தலைவலி மாத்திரை என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அதற்கப்புறம் ஒரு மாதத்தில் நான்கு தடவை சொல்ல வந்து, நான்கு தடவையும் ஏதோ மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இப்போதும் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது.

பிரேக்கிடம் சொல்வது எனக்குச் சுலபம். அவள் போ என்றாலும் போயிருப்பேன், போகாதே என்றாலும் போயிருப்பேன். உன்னிடம் அப்படி இல்லை. நீ ஒரே ஒரு தடவை "போகாதேடி" என்றிருந்தால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அங்கேயே இருந்திருப்பேன். அதனால்தான் உனக்குக் கடைசியில் சொன்னேன், வண்டியில், எல்லாரும் இருக்கும்போது, நீ சொல்ல முடியாத இடமாகப் பார்த்து.

இருபத்து நான்காம் தேதியிலிருந்து மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். திமிங்கிலமெல்லாம் அதற்குள் போயிருக்கும், பரவாயில்லை. அந்த மாடி அறையை மறுபடி பெருக்கு. பஸ் சாயங்காலம் ஐந்தரைக்கு வரும். நீ மட்டும் வந்து நில், பிரேக்கையும் கொட்டாவியையும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே எனக்கு வேலை பிடித்திருக்கிறது, மாத்திரை. இந்தப் பன்னிரண்டு பேரையும் பிடித்திருக்கிறது. அதனால் திரும்பப் பஸ் ஏற்றிவிட வரும்போது என்ன வேண்டுமானாலும் பேசு, திட்டு, அழு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் இப்போதும் இறங்கிவிடுவேன்.

நுரை